ஞாயிற்றுக்கிழமைத் தனிமை

தர்சன் மாஸ்டருக்குத் தனிமை என்றால் கொள்ளைப் பிரியம். அந்தப் பிரியத்தைப் பற்றி அவர் பேசிக் கேட்காத ஆள் ஹட்டனில் குறைவு. ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போதும், பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடமும், முடிவெட்டுகிற கடையிலும் தனிமையின் அருமையை எடுத்துச் சொல்லுவார். கேட்கிறவர்களும் பாவம், தலையை ஆட்டிக்கொண்டு கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தமிழ் வாத்தியார், நாற்பது கடந்தும் கல்யாணம் கட்டாதவர், டிக்கோயாவில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர்; அவருக்கு வேறு என்னதான் பேச இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள்.

அவர் கவிஞர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்ளுவார். மலை, மூடுபனி, சாவு, இந்த மூன்றையும் தவிர நான்காவதாக ஒன்று அவருடைய கவிதைக்குள் நுழைந்தது கிடையாது. நன்றாகத்தான் எழுதுவார், அதில் பொய் சொல்லக் கூடாது. பனி இறங்கும்போது தேயிலைச் சரிவு நிரை நிரையாகக் காணாமற்போவதைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், படிக்கிறவருக்கே கொஞ்சம் குளிரும்.

அந்தக் கவிதைகள் எல்லாம் பிறந்த இடம் ஆனைக்கல். ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்டனில் ரயிலேறி, றொசல்லயில் இறங்கி, தோட்டத்து ரோட்டால் நடப்பார். தொழிலாளர் குடும்பங்கள் இருக்கிற லயங்களைக் கடந்து, தேயிலைக்குள்ளால் மேலே ஏறினால் யானை முதுகு போல ஒரு பாறை. அதன் மறுபக்கம் நேரே பள்ளம். பாறைக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவார். காலுறையை மடித்து உள்ளே வைத்து, இரண்டையும் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். கோயிலுக்குள் போகிறவர் மாதிரி. பிறகு விளிம்புக்குப் போய்க் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்ளுவார். மனதில் வரி வந்தால் அதைப் பள்ளத்தைப் பார்த்து உரக்கச் சொல்லிப் பார்ப்பார். இப்படி நான்கு வருடங்கள். மழைக்காலத்திலும் விடவில்லை.

அவருடைய தனிமைக்கு ஒரேயோர் இடைஞ்சல் இருந்தது. பாறைக்குப் பின்னால் இருந்த சவுக்குக் கொல்லையில் எப்போதும் யாராவது விறகு வெட்டிக்கொண்டிருப்பார்கள். அநேகமாக ஒரே பெண்தான். ஐம்பது வயதிருக்கும், மஞ்சள் துண்டால் தலையைக் கட்டியிருப்பாள். டொக், டொக் என்று கத்திச் சத்தம். அது நின்றால் இருமல். நெஞ்சைப் பிளக்கிற இருமல். மாஸ்டர் ‘நித்தியத்தின் வாசல்’ என்று ஒரு வரியை எட்டிப் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து அந்த இருமல் வரும். வரி ஓடிவிடும். இந்தத் தோட்டத்தில் விறகு வெட்ட வேறு இடமே இல்லையா என்று அவருக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். ஒருமுறையாவது திரும்பி, ‘என்ன அம்மா, இருமலுக்கு மருந்து எடுக்கேல்லையோ’ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புத்தகம் போடுவது என்று முடிவானபோது கடைசிக் கவிதை ஒன்றுக்கு அமைதி தேவைப்பட்டது. அந்தத் தோட்டத்துக் கண்டாக்கு சுமன். வேலைகளை மேற்பார்வை செய்கிற உத்தியோகத்தர். அவருடைய மகள் தனுஷிகா மாஸ்டரின் வகுப்பில் படிக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த சுமனை மாஸ்டர் ஒரு பக்கம் கூப்பிட்டார்.

“சுமன், அந்த ஆனைக்கல்லுக்குப் பக்கத்தில ஆக்கள் விறகு வெட்டுகினம். மரமெல்லாம் அழியுது. உதைக் கொஞ்சம் பாக்க ஏலாதோ?”

“நான் பாத்துக்கிறேன் சேர். நீங்க கவலப்படாதீங்க.”

மரத்தின் மேல் மாஸ்டருக்கு அப்படியொன்றும் கரிசனம் இல்லை. ‘எனக்கு இடைஞ்சல்’ என்று சொல்ல வாய் கூசியது; மரம் என்று சொன்னால் நியாயமாக இருந்தது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு போனார். கத்திச் சத்தமும் இல்லை, இருமலும் இல்லை. மலை அப்படியே அவருக்கு மட்டும் என்று கிடந்தது. அன்றைக்கே அந்தக் கடைசிக் கவிதையை எழுதி முடித்தார்:

மலையே,
உன்னையும் என்னையும் தவிர
இங்கு எவரும் இல்லை.
பனி வந்து கேட்டால்
நான் போய்விட்டேன் என்று சொல்.

புத்தகத்துக்கும் ‘எவரும் இல்லை’ என்றே பெயர் வைத்தார். அட்டைக்குத் தானே கைபேசியில் பிடித்த பாறைப் படத்தைக் கொடுத்தார். படத்தின் மூலையில் தேயிலைக்குள் மஞ்சளாக ஏதோ தெரிகிறதே என்று அச்சகத்துப் பையன் கேட்டான். அழித்துவிடு என்றார்.

வெளியீட்டு விழா ஹட்டனில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம். அதற்கு முந்தின இரண்டு ஞாயிறும் அச்சுப் பிழை பார்ப்பதிலும் அழைப்பிதழ் கொடுப்பதிலும் போனதால் ஆனைக்கல்லுக்கு அவர் போகவில்லை. விளம்பரத்துக்குச் சுவரொட்டி அடித்தார்கள். கலரில் அடிப்போமா என்று அச்சகத்தார் கேட்டதற்கு, கவிதைக்குக் கறுப்பு வெள்ளைதான் எடுப்பு என்றார் மாஸ்டர். கறுப்புப் பின்னணி. நடுவில் கண்ணை மூடியிருக்கிற அவருடைய படம். அதற்குக் கீழே அந்த ஐந்து வரிகள், இடம், திகதி, நேரம். ‘கவிதை நூல் வெளியீடு’ என்பதை அழகுக்காக மூலையில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில் வைத்திருந்தார்கள். ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் சுவரில் அப்படிப் படமும் பாட்டுமாக யாரைப் பற்றி ஒட்டுவார்கள் என்பது இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மாஸ்டருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் அது தோன்றவில்லை.

விழா நல்ல கூட்டம். மேடையில் குத்துவிளக்கு எரிந்தது. பின்னால் அந்தக் கறுப்புப் படத்தையே பெரிதாக்கி மாட்டி, யாரோ ஆர்வக்கோளாறில் அதற்கு மேலே மல்லிகைச் சரமும் சுற்றியிருந்தார்கள். முன்வரிசையில் சுமன், மனைவி, மகளோடு இருந்தார். தலைமையுரைக்கு ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி தம்பு ஐயா வந்திருந்தார். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் லேசில் விடுகிறவர் அல்ல.

“தர்சனை நான் ஒரு துறவி எண்டுதான் சொல்லுவன்,” என்று தம்பு ஐயா தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. “நாலு வருசம். ஒரு மனிசக் குஞ்சு இல்லாத மலை உச்சியில, ஒரு மனிசக் குரல் கேளாமல், தனிய இருந்து சாவோட கதைச்ச மனிசன் இவர்.”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கமாக இருப்பது அவருக்குப் பிடிக்கும்; அதைப் பிறர் பார்ப்பது இன்னும் பிடிக்கும்.

அப்போதுதான் வாசலில் ஒப்பாரி கேட்டது.

“கல்லு மேல ஒக்காந்த கண்ணான மாஸ்டரே, காவலுக்கு நாங்க வரக் காத்திருக்க மாட்டீங்களா...”

மண்டபம் முழுக்கத் திரும்பியது. வெள்ளைச் சேலை கட்டிய நான்கு பெண்கள். முன்னால் வந்தவள் நெஞ்சில் கைவைத்துப் பாடிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளின் கையில் வாழையிலையில் சுற்றிய செவ்வந்தி மாலை. சாவு வீட்டுக்குள் நுழையும்போதே குரலெடுத்து அழுதுகொண்டு நுழைவதுதான் அவர்களுடைய முறை. விளக்கையும் பூச்சுற்றிய படத்தையும் பார்த்ததும் பாட்டு இன்னும் உயர்ந்தது. தம்பு ஐயா ஒலிவாங்கியோடு வாயைப் பிளந்து நின்றார். மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மாலை வைத்திருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முன்னால் வந்தவள் பாட்டை நிறுத்தினாள். மஞ்சள் துண்டு இல்லாததால் மாஸ்டருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள் இரண்டு கதிரை வரிசைக்கு நடுவில் நின்று இருமினாள். அந்த இருமலை அவருக்கு அடையாளம் தெரிந்தது.

அவள் நேரே மேடைக்கு ஏறி வந்து அவருடைய கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“உசுரோடதான் இருக்காரு பேச்சி. கை சுடுது.”

யாரோ ஒருவர் சிரிக்க, மண்டபமே சிரித்தது. கேலியாக அல்ல, நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவைத்தார். அன்றைக்கு அவர் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

தம்பு ஐயா கெட்டிக்காரர். நல்ல கதை வாசல் தேடி வந்திருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஒலிவாங்கியை அவளிடம் நீட்டி, நீங்கள் யார் அம்மா, என்ன நடந்தது என்று கேட்டார். அவளுக்கு ஒலிவாங்கி பழக்கமில்லை. அதைப் பார்த்துப் பேசாமல், மாஸ்டரைப் பார்த்தே பேசினாள்.

“எம்பேரு காளியாயிங்க. றொசல்லப் பக்கம் தோட்டம். ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப பஸ்ஸுல இருந்து செவுத்துல மாஸ்டரு படத்தப் பாத்தேன். கறுப்பா இருந்துச்சு. பேச்சியம்மா கிட்ட எடத்தையும் நேரத்தையும் படிச்சுக் காட்டச் சொன்னேன். ரெண்டு ஞாயிறா மாஸ்டரும் வரல. பள்ளத்துலயும் எறங்கித் தேடிப் பாத்தோம். அதான், முடிஞ்சு போச்சுன்னு வந்துட்டோமுங்க.”

“பள்ளத்தில ஏன் அம்மா தேடினனீங்கள்?”

காளியாயி கொஞ்சம் தயங்கினாள். இத்தனை பேருக்கு முன்னால் சொல்லலாமா என்று மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

“மொத நாளு வந்தப்பயே மாஸ்டரு சப்பாத்தக் கழட்டி ஓரமா வச்சிட்டுத்தான் விளிம்புக்குப் போனாருங்க. ஆனக்கல்லுல இருந்து குதிக்கிறவங்க அப்படித்தான் செருப்பக் கழட்டி வச்சிட்டுப் போவாங்க. அங்கன செருப்பக் கண்டா எங்களுக்கு ஈரக்கொல நடுங்கும். பெறகு கண்ண மூடிக்கிட்டு பள்ளத்தப் பாத்து, ‘வாரேன், கொஞ்சம் பொறு’ன்னு சத்தமா சொன்னாரு. எறங்கி வாரப்ப பேச்சியம்மாகிட்ட கொடையக் குடுத்துட்டு, எனக்கு இனி வேணாம்னுட்டாரு.”

மழை விட்டிருந்தது, அதனால் கொடுத்தேன் என்று மாஸ்டர் சொல்ல நினைத்தார். அந்த ‘வாரேன், கொஞ்சம் பொறு’ மரணத்தைப் பார்த்துச் சொல்கிற கவிதை. புத்தகத்தில் மூன்றாம் பக்கம்.

“அதனால நாங்க மொற போட்டுக்கிட்டோம். ஞாயித்துக்கெழம மாஸ்டரு லயத்தத் தாண்டுனா, ஒருத்தி வெறகு வெட்டுற சாக்குல பின்னாலயே போயிருவா. அவரு எந்திரிச்சா ஓடிப் போயி புடிச்சுக்கிற தூரத்துல நிப்போம். பேச்சியும் வருவா, மத்தவங்களும் வருவாங்க. பெரும்பாலும் நாந்தான். எனக்கு வீட்டுல ஆளு இல்லீங்க. ஒரு மக இருந்தா, லோஜினின்னு. மாஸ்டரு வாரதுக்கு முந்துன வருசம் அவ செருப்பும் அங்கதான் இருந்துச்சு. அன்னைக்குப் பக்கத்துல ஒருத்தரும் இல்ல.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரம் முழுக்கக் கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. துணி துவைக்க, விறகு சேர்க்க, ஹட்டனுக்குச் சாமான் வாங்க வர, இடுப்பைக் கொஞ்சம் சாய்க்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து இவர் காலடியில் போட்டிருக்கிறார்கள், நான்கு வருடங்களாக. ‘எவரும் இல்லை’ என்று எழுதிய புத்தகம் கட்டுக்கட்டாக மேசையில் அடுக்கியிருந்தது. மாஸ்டருக்கு அதன் மேல் ஒரு துணியையாவது போட்டு மூடினால் போதும் என்று இருந்தது. வெட்கம் கழுத்தடியிலிருந்து ஏறிக் காதுக்கு வந்துவிட்டது.

தம்பு ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்த நாலு வருசத்தில உங்களை ஒருத்தரும் தடுக்கேல்லையோ அம்மா?”

“ஒரே ஒரு வாட்டிதாங்க. அங்க வெறகு வெட்டக் கூடாதுன்னு கண்டாக்கு ஐயா காலையில பெரட்டுல, வேலைக்கு ஆள் பிரிக்கிற எடத்துல, எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சு ஏசுனாரு. கத்தியப் புடுங்கிட்டாரு. ஒரு கெழம வேலையும் நிப்பாட்டிட்டாரு. யாரோ மொறப்பாடு பண்ணிட்டாங்கன்னு சொன்னாரு. அதுக்குப் பெறகு கத்தி இல்லாமத்தான் போனோம். தேயிலைக்குள்ள படுத்துக்குவேன். இருமல் வந்தா சத்தம் கேக்கும்னு துண்ட வாயில அடச்சுக்குவேன்.”

அந்தக் கடைசிக் கவிதை எழுதிய நாளின் அமைதி மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. அது மலையின் மௌனம் என்று நினைத்தாரே, அது இந்தப் பெண் வாயில் துணியை அடைத்துக்கொண்டு கிடந்த மௌனம். அதைத்தான் அவர் ‘உன்னையும் என்னையும் தவிர’ என்று எழுதினார். இந்த உலகத்தில் தன்னைவிட அற்பமான ஒருவன் இந்த நிமிடம் எங்கேயாவது மூச்சுவிடுகிறானா என்று அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

“எந்தப் படுபாவி அந்த முறைப்பாட்டைக் குடுத்தவன்?” என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். “ஆள் ஆரெண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ, இங்கயே கேப்பம்.”

சுமன் தன் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளியாயி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “யாரோ ஒருத்தருங்க. இப்ப அது எதுக்கு?” என்றாள்.

நிகழ்ச்சி நிரலின்படி அடுத்தது மாஸ்டரின் ஏற்புரை. ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். காளியாயியும் மேடை ஓரத்தில் நின்று பார்த்தாள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். ‘அது நான்தான்.’ தமிழ் இலக்கணம் படிப்பிக்கிறவருக்கு அதைவிடச் சுலபமான வாக்கியம் கிடைக்காது. தொண்டைவரை வந்தது. முன்வரிசையில் தனுஷிகா, அவருடைய மாணவி, வாயைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாருக்கும் நன்றி,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கை தட்டினார்கள். உணர்ச்சிவசப்பட்டுப் பேச முடியாமற் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். தம்பு ஐயா முதுகில் தட்டி, “இதை வைச்சு அடுத்த புத்தகம் எழுது தம்பி,” என்றார்.

விழா முடிந்து மக்கள் சிற்றுண்டிப் பக்கம் போனபோது காளியாயி ஒரு புத்தகத்தை எடுத்து மெதுவாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் அவளுக்கு. “இதுல எங்க லயம் எங்கனங்க மாஸ்டர் வருது?” என்று கேட்டாள். வரவில்லை என்று அவர் சொன்னார். பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டி, எடுத்த இடத்திலேயே புத்தகத்தை வைத்தாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் தேவலை. அவள் உண்மையிலேயே தேடியிருந்தாள்.

அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். வெளியே தூறல். படியிறங்கிப் போனவர்களை மாஸ்டர் பாதி வழியில் போய்ப் பிடித்தார். மற்ற மூன்று பேரும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்கள். காளியாயி மட்டும் நின்றாள்.

“அம்மா, சுமனிட்டச் சொன்னது நான்தான்,” என்றார். “அந்த முறைப்பாடு. மரம் கிரம் எண்டதெல்லாம் சும்மா. நீங்கள் இருமினது எனக்கு இடைஞ்சலாய் இருந்தது. அதுக்காகச் சொன்னனான். உள்ள வைச்சுச் சொல்லவும் எனக்குத் துணிவு வரேல்லை.”

அவள் திடுக்கிடவில்லை.

“தெரியும் மாஸ்டர்.”

“தெரியுமோ?”

“கண்டாக்கு ஐயா பெரட்டுலயே சொல்லிட்டாரே, மாஸ்டரு சொன்னாருன்னு. இவளுக எல்லாருக்குந் தெரியும்.”

“பிறகு ஏன் ஆரோ எண்டு சொன்னனீங்கள்?”

“அத்தன பேரு முன்னால ஒங்களச் சொல்ல முடியுமா? ஒங்க பங்சன்ல?”

மாஸ்டருக்கு அந்த ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஏசியிருந்தால், ஒரு வார்த்தை உறைக்கச் சொல்லியிருந்தால், தாங்கியிருப்பார். “என்னில கோவம் வரேல்லையோ அம்மா?” என்று கேட்டார்.

“கோவமா? எங்களுக்குப் பயம்ல வந்துச்சு.” அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “போகணும்னு முடிவு பண்ணுனவங்கதான் மாஸ்டர் கூட இருக்கவங்கள வெரட்டுவாங்க. எம்மகளும் அன்னைக்கு என்னய வெரட்டுனா. ‘சும்மா என்னயவே பாத்துக்கிட்டு நிக்காத, போய்த் தண்ணி புடி’ன்னு சொன்னா. எனக்கும் கோவம் வந்துச்சு. கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன். அதனால நீங்க வெரட்டுனப்ப, இந்த வாட்டி போகக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

தூறல் வலுத்தது. இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றார்கள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலம். அதையும் இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

“எனக்குச் சாகவேணும் எண்ட எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை அம்மா. நான் எழுதினது வெறும் எழுத்து. சாவைப் பற்றி எழுதினால் ஆழமாய் இருக்கும் எண்டு எழுதினது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் எல்லாரும் வீணாய்க் கஷ்டப்பட்டிருக்கிறியள்.”

காளியாயி அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். நோயாளியின் நாக்கைப் பார்க்கிற வைத்தியரைப் போல நிதானமாகப் பார்த்தாள்.

“எல்லாரும் அப்படித்தான் மாஸ்டர் சொல்லுவாங்க,” என்றாள். “நீங்க ஞாயித்துக்கெழம வாங்க. எப்பவும் போல ஒக்காருங்க. நாங்க தொந்தரவு பண்ண மாட்டோம். நா இரும மாட்டேன்.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

அந்த வாரம் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் தனிமையைப் பற்றிப் பேசவில்லை. பத்திரிகையில் விழாச் செய்தி வந்திருந்தது. தம்பு ஐயா தொலைபேசியில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். மாஸ்டர் சுமனைத் தேடிப் போய், அந்தக் கத்தியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பெரட்டிலேயே, எல்லாருக்கும் முன்னால் கொடுக்க வேண்டும், தன் பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சுமன், “அதுக்கென்ன சேர், குடுத்துருவோம்,” என்றார். கொடுத்தும் விட்டார். ஆனால் மாஸ்டரின் மனம் ஆறவில்லை. மாற்றல் கேட்டு யாழ்ப்பாணத்துக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தார். பாறைக்குப் போனால் ஒருத்தி வாயில் துணியோடு தேயிலைக்குள் படுத்துக் கிடப்பாள். போகாவிட்டால் நான்கு பேர் பள்ளத்துக்குள் இறங்கிப் பிணம் தேடுவார்கள். நன்றாகத்தான் மாட்டிக்கொண்டார் மனிதர். யாரையும் நோவதற்கில்லை.

ஞாயிறு காலை வழக்கமான ரயிலில் போய் றொசல்லயில் இறங்கினார். லயத்தடியில் காளியாயி கத்தியோடு தயாராக நின்றாள். அவர் மேலே போகிற பாதையில் திரும்பவில்லை. நேரே அவள் வாசலுக்கு வந்து, “இண்டைக்கு நான் இங்க இருக்கட்டோ அம்மா?” என்று கேட்டார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து, தண்ணீர்க் குழாய்க்கு எதிரே போட்டாள். கத்தியைக் கதவோரம் சாத்திவிட்டு, வாரக்கணக்கில் சேர்ந்து கிடந்த துணிமூட்டையை அவிழ்த்துக் குழாயடிக்குக் கொண்டுவந்தாள். பேச்சியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியானால் நான் ஹட்டனுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காளியாயி துணியில் சவர்க்காரம் போட்டாள். நடு நடுவே தலையைத் தூக்கி அவரைப் பார்த்துக்கொண்டாள். இருமல் வந்தபோது அடக்காமல் இருமினாள்.

மேல் லயத்துப் பெண் ஒருத்தி குடத்தோடு வந்தாள். கதிரையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்து, “யாருக்கா இது?” என்று கேட்டாள்.

காளியாயி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனாலும் அவருக்குக் கேட்டது.

“நம்ம மாஸ்டரு. மனசு சரியில்லாதவரு, பாவம். தனியா விடக் கூடாதுன்னு பாத்துக்கிட்டு இருக்கோம்.”

குடத்துக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்து ‘ச்சு’ கொட்டினாள். மாஸ்டருக்குக் காது இரண்டும் சுட்டது. அப்படியொன்றும் இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை. அவள் துணியெல்லாம் அலசிப் பிழிந்து, கடைசிச் சேலையையும் கொடியில் போட்டு முடிக்கும்வரை, அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.